இடிச்சு நிக்குதா, உரசி நிக்குதா

எங்கள் ஆஸ்பத்திரியில் சி.டி. மெஷினுக்குள் படுப்பவர்களை மிரட்டுகிற குரல் என்னுடையது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் வந்த புதிதில் அதற்குள் ஏதோ ஒரு நாட்டுப் பெண் தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறாள் என்றுதான் ஒருவருக்கும் புரியவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொன்னால் ஜனங்கள் தலையைத் தூக்கி "என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்கள். படமெல்லாம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்த மாதிரி கலங்கிப்போய் வந்தது. கடைசியில் எங்கள் டெக்னீஷியன் ஒருநாள் மைக்கை என்னிடம் நீட்டி, "மேடம், நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசிக் குடுங்க" என்றார்.

அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை, கேன்டீனில் டீ தீர்ந்துவிட்டது, ஒரு சர்ஜன் என் ரிப்போர்ட்டைப் படிக்காமலே அதில் சந்தேகம் கேட்டிருந்தார். அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்துப் பேசினேன். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க." பேசிவிட்டு மறந்தும்விட்டேன். அதற்கப்புறம் அந்த மெஷினுக்குள் ஒரு ஆள் அசைந்ததில்லை. முறுக்கு மீசைக்காரர்கள்கூடக் கப்சிப்பென்று கிடக்கிறார்கள். என் கோபத்தால் உலகத்துக்கு ஏற்பட்ட ஒரே நன்மை இதுதான் என்று எங்கள் டிபார்ட்மென்டில் பேச்சு. வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா கேலி பண்ணியே என்னை ஒழித்துவிடுவாள்.

நான் ஸ்கேன் டாக்டர். வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த கார் அவளுடையது. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் அவள் பிரேக் அக்கா. முதல் நாள் கை நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வாள்: "பிரேக் எங்கிட்ட இருக்கு. நீங்க பயப்படாம ஓட்டுங்க." அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். தலை வாரிவிட்டது, ஃபீஸ் கட்டியது, நான் காதலித்த ஒரு தண்டத்தை விரட்டியடித்தது, எல்லாம் அவள் கைங்கரியம். அவளுக்கு உத்தரவு போட்டுத்தான் பழக்கம். வாங்கிப் பழக்கமில்லை.

அந்த அக்கா ஒருநாள், "கொஞ்ச நாளா சீட் பெல்ட் போட்டா வயித்துல குத்துதுடி" என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள். ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள போதுமா?"

"நெஞ்சு வரைக்கும் நெறஞ்ச மாதிரி இருக்கு. விடு, வயசாகுதில்ல."

நான் விடுவேனா? மறுநாளே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் டிபார்ட்மென்டில் ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரர் படத்தை யாரும் பார்க்கக் கூடாது. பாசம் வந்தால் கண் தெரியாது, இருப்பது தெரியாமல் போகும், இல்லாதது தெரியும். இந்தச் சட்டத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்ததே நான்தான். அதனால் அக்காவை மெஷினில் படுக்க வைத்ததும், என் கூட வேலை செய்கிற இன்னொரு ஸ்கேன் டாக்டர் என்னைப் பார்த்து வாசல் பக்கம் கையைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டு வெளியே போனேன். அவருக்கு ஆமை என்று பெயர் வைத்ததும் நான்தான். நான் வரிசையையே முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு வயிற்றைத்தான் முடிப்பார். பெயர் அவர் காதுக்கும் போய்விட்டது. "ஆமைக்கு ஆயுசு கெட்டிம்மா" என்று சிரித்ததோடு சரி.

பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவர் வழியாக என் குரல் எனக்கே மங்கலாகக் கேட்டது. மூச்சை நல்லா இழுங்க. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். பிறகு அக்கா வெளியே வந்தாள். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. என்னைப் பார்த்ததும் கன்னத்தில் மெல்லத் தட்டி, "அவ்வளவுதான், முடிஞ்சுது. ஒண்ணும் இல்ல பாரு" என்றாள். ஸ்கேன் டாக்டர் நானா அவளா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆமை டாக்டர் என் மேஜைக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது. அவர் யாருக்கும் நின்றபடியே ரிசல்ட் சொல்கிறவர்.

"கணையத்தோட வால் பக்கத்துல ஒரு நீர்க்கட்டி" என்றார். "சுவர் கொஞ்சம் தடிமனா இருக்கு. கணையத்துலேர்ந்தே கிளம்பின மாதிரிதான் தெரியுது. ஆனா என்னால உறுதியா சொல்ல முடியலைம்மா. படம் சரியா அந்த இடத்துல கலங்கியிருக்கு."

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கிற உறுப்பு. அதன் வால் மண்ணீரலைத் தொடுகிற இடத்தில், அக்கா வயதுப் பெண்களுக்கு, இந்த மாதிரிச் சுவரோடு ஒரு நீர்க்கட்டி வந்தால் அதைச் சாதாரணமாக விட மாட்டார்கள். சில கட்டிகள் பின்னால் புற்றுநோயாகும். சிலது ஏற்கெனவே ஆகியிருக்கும். இதை எத்தனையோ பேருக்கு நான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சர்ஜன் நல்லவர், கைராசிக்காரர். ரத்தப் பரிசோதனையில், புற்றுநோய் இருந்தால் ஏறுகிற ஒரு எண் வேறு லேசாக ஏறியிருந்தது. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

"சந்தேகம் இருக்கட்டும் டாக்டர். இந்த இடத்துல இப்படி ஒண்ணு இருந்தா பெரும்பாலும் கணையக் கட்டிதான். விட்டு வெச்சுப் பார்க்கிற விஷப்பரீட்சை எனக்கு வேண்டாம். கணையத்தோட வாலையும் மண்ணீரலையும் சேர்த்து எடுத்துடறேன். பெரிய ஆபரேஷன்தான். உங்க அக்காவுக்குச் சர்க்கரை இப்பவே எல்லையில நிக்குது, அது அப்புறம் ஏறத்தான் செய்யும். ஆனா ஆள் முக்கியமில்லையா?"

ஆள்தான் முக்கியம். அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் வாசலில், காருக்குள் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். சுற்றி வளைத்தால் அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்டுவிட்டு, எதிரே நெருக்கி நிறுத்தியிருந்த ரெண்டு வண்டிகளைக் காட்டினாள்.

"அங்க பாரு. இங்கேர்ந்து பார்த்தா ரெண்டும் இடிச்சு நிக்கிற மாதிரி இருக்கு. இறங்கிப் போய்ப் பார்த்தா நடுவுல ஒரு விரல் நுழையும். நீ சொல்ற கட்டி இடிச்சு நிக்குதா, உரசி நிக்குதா?"

இத்தனை வருஷம் படித்த எனக்கு அதைவிடச் சரியாக அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்காது. கணையத்திலிருந்து முளைத்ததா, வேறெங்கிருந்தோ வந்து கணையத்தின்மேல் சாய்ந்து நிற்கிறதா? முளைத்தது என்றால் கணையத்தை வெட்ட வேண்டும். சாய்ந்தது என்றால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும், அது அநேகமாகச் சாதுவாகவும் இருக்கும்.

"தெரியலைக்கா" என்றேன். "படத்துல சரியா தெரியலை."

"சரி விடு. இடிச்சுதான் நிக்கும்னு வெச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அவள் அழவில்லை, புலம்பவில்லை. அந்த வாரமே மாமாவுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவருக்கு மட்டும் சொல்லித் தந்ததில்லை. "வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்பாள். அவரும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டார். இப்போது திடீரென்று அவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, "கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவான்னா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?" என்று உயிரை எடுத்தாள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று மாமா பாவமாகக் கேட்டார்.

"எதுக்கா? நாளைக்கு நான் இல்லேன்னா உங்களை யாரு கூட்டிட்டுப் போவா? உங்க கொழுந்தியாவா? அவ ஓட்டற லட்சணத்துக்கு ரெண்டு பேரும் எங்கிட்டயே வந்து சேர்ந்துடுவீங்க."

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குப் பயம் வந்தால் இப்படித்தான். அடுத்தவருக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பித்துவிடுவாள்.

இதற்கிடையில் ஆமை டாக்டர் அந்தப் படத்தை விடவில்லை. காலையில் வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"படம் எடுத்தப்ப நான் கிட்ட இல்லைம்மா. ஆனா உங்க குரலைக் கேட்டு அசைஞ்ச ஆளே கிடையாது. பச்சைக் குழந்தைகூட மூச்சைப் பிடிச்சுக்குது. உங்க அக்கா படம் மட்டும் எப்படிம்மா கலங்கும்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ரெண்டு பேரும் டெக்னீஷியனிடம் போனோம். அவர் காது கேட்காதவர் மாதிரி இருப்பார், ஆனால் எல்லாம் கேட்கும். மெஷின் அறைக்குள் பேசுவது வெளியே அவர் மேஜையிலிருக்கிற ஸ்பீக்கரில் வரும். எங்களைப் பார்த்ததும் அவர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அது வந்து... உங்க அக்கா பேசிட்டாங்க மேடம்."

"பேசிட்டாங்கன்னா?"

"குரல் வந்ததும் பதில் பேசினாங்க. கையை வேற ஆட்டினாங்க. மறுபடி போட்டேன், மறுபடியும் பேசினாங்க. படம் தெளிவா தெரிய ஏத்தற மருந்தை ஒரு தடவைதானே ஏத்த முடியும், அது இறங்கறதுக்குள்ள கிடைச்சதை எடுத்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க."

"என்னது? மெஷினோட மல்லுக்கு நின்னாளா?"

"அது இல்ல மேடம், அவங்க..."

அவர் முடிக்கிற வரைக்கும் நிற்க எனக்குப் பொறுமை ஏது? யாரோ நெருப்பை அள்ளித் தலையில் கொட்டின மாதிரி இருந்தது. என் குரல் அவளை அதட்டியிருக்கிறது, அவள் திருப்பி அதட்டியிருக்கிறாள். வாழ்க்கை பூரா நடக்கிறதுதானே. ஆனால் இந்த வாயால் ஒரு கணையமே போகப் பார்த்ததே. நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அக்கா கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினுக்குள்ள படுத்துக்கிட்டு எங்கூட சண்டை போட்டியாமே? கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க முடியாதா உனக்கு? ஒரு சின்ன சொல்லு எங்கிட்டேர்ந்து வாங்கிக்க முடியாதா? அதனாலதான் படம் கலங்கிப் போச்சு. அதனாலதான் உன் வயித்தைக் கிழிக்கப் போறாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு துணியை மடித்துப் போட்டாள்.

"ஆமா, போட்டேன். இப்ப என்ன?"

"அது நான்கூட இல்லைக்கா. ரெக்கார்ட் பண்ணி வெச்ச குரல். நான் பக்கத்து ரூம்ல உக்காந்திருந்தேன்."

"அப்படியா?" என்றாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரித்தாள். "அப்ப வர்றவங்க போறவங்க எல்லாரையும் இப்படித்தான் கத்திட்டிருக்கியா? பாவம்டி ஜனங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து அவளை ஆமை டாக்டரிடம் கூட்டிப் போனேன். உடனே சி.டி. வேண்டாம், மருந்து ஏற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, முதலில் நானே சாதா ஸ்கேனில் நிதானமாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அறை வாசலில் அவரிடம், "நானும் உள்ளே வரலாமா சார்?" என்று கேட்டேன். நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அவருக்கே பாவமாகப் போய்விட்டது போல.

"டாக்டரா வரக் கூடாது. தங்கச்சியா வரலாம். தங்கச்சிங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

"எந்த ஊர்த் தங்கச்சியைச் சொல்றீங்க?" என்றாள் அக்கா.

அவர் அவளுக்கு ஒரு ஜாடித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். இரைப்பை நிறைந்தால் அது திரையில் கறுப்புக் குளம் மாதிரி தெரியும், அதன் வழியாகப் பின்னால் இருப்பதைப் பார்க்கலாம். ஜெல்லைத் தடவி, கருவியை வயிற்றில் வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை நகர்த்தவே இல்லை. நானாக இருந்தால் அதற்குள் நாலு கோணம் பார்த்து, அளந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அவர் ரிவர்ஸில் பார்க்கிங் பண்ணுவது எப்படி என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு அது ஜென்மத்துக்கும் வராது என்றார். அக்கா, "அவசரப்பட்டாத்தான் வராது, உங்களுக்கு வரும்" என்றாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்னையறியாமல் திரையைப் பார்த்தேன்.

கட்டியின் சுவரில் ரெண்டு கோடுகள் தெரிந்தன. உள்ளே வெள்ளைக் கோடு, வெளியே கறுப்புக் கோடு. பக்கத்தில் இரைப்பையின் சுவரும் அதே மாதிரிதான். அப்போது இரைப்பை ஒருமுறை மெல்லச் சுருங்கித் தளர்ந்தது. தண்ணீர் குடித்தால் எல்லார் இரைப்பையும் செய்வதுதான். அது முடிந்து சற்று நேரத்தில் கட்டியின் சுவரும் ஒரு பக்கம் குவிந்து, அந்த நெளிவு மெதுவாக நகர்ந்து மறுபக்கம் போனது.

ஆமை டாக்டர் கையை அசைக்காமல் இன்னொரு நெளிவுக்காகக் காத்திருந்தார். வந்தது. மறுபடியும் காத்திருந்தார். மறுபடியும் வந்தது. அப்புறம்தான் திரையை அக்கா பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க, இது அசையுது. கணையத்துல வர்ற கட்டிக்கு அசையத் தெரியாது. அதுல சதை கிடையாது. இது இரைப்பையோட ஜாதி. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்ப இரைப்பை உருவாகும்போதே ஒரு துணுக்கு தனியா ஒதுங்கிட்டிருக்கு. நெறைய பேருக்கு வராது. வந்தாலும் சின்ன வயசுலேயே தெரிஞ்சுடும். உங்களுக்கு இத்தனை வருஷம் சத்தம் போடாம இருந்திருக்கு."

"அப்ப எனக்கு ரெண்டு வயிறா?" என்றாள் அக்கா. "ரெண்டு வயிறு இருந்தும் ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குதே, இது என்ன நியாயம்?"

அவர் சிரித்தார். நான் தங்கச்சி என்பதால் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வந்தது.

ஆனாலும் வேலை முடியவில்லை. சர்ஜன் கணையத்தைத் தொடாமல் விட வேண்டுமென்றால் கட்டிக்கும் கணையத்துக்கும் நடுவே இடைவெளி இருப்பதைச் சி.டி. படத்தில் அவருக்குக் காட்ட வேண்டும். இரைப்பை ஜாதிக் கட்டிகூடச் சில சமயம் கணையத்துக்குள் வேர் விட்டிருக்கும். அதனால் மறுபடி ஒரு சி.டி. இந்தத் தடவை கலங்கக் கூடாது.

"பழைய குரலைப் போட வேண்டாம் மேடம்" என்றார் டெக்னீஷியன். "நீங்களே மைக்குல நேரா பேசிடுங்க. உங்களுக்குத்தான் அவங்க கட்டுப்படுவாங்க."

"எனக்கா? அவளா? உங்களுக்கு விவரம் போதாது."

ஆமை டாக்டர் சட்டத்தைக் கொஞ்சம் வளைத்தார். பேசலாம், படத்தைப் பார்க்கக் கூடாது. அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மைக்கைக் கையில் பிடித்தேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ரெண்டு கால் விரலும் மேலே பார்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரேக்கை மிதித்து மிதித்துக் காய்ப்புக் காய்த்த கால். எனக்கு அதட்டல் வரவில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே தைரியமான வாக்கியம் வாயில் வந்தது.

"அக்கா, நான்தான் பேசறேன். இப்ப பிரேக் எங்கிட்ட இருக்கு. நீ பயப்படாம இரு. மூச்சை நல்லா இழுத்துக்கோ. அப்படியே பிடிச்சுக்கோக்கா."

டெக்னீஷியன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மெஷின் சுழன்றது. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுழன்று முடிந்து நின்றும்விட்டது. நான் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம்" என்று டெக்னீஷியன் என் தோள் பக்கம் குனிந்தார். "மூச்சை விடச் சொல்லுங்க. உங்களைக் கேட்டுத்தான் விடுவாங்க போல."

அந்த நிமிஷம் ஸ்பீக்கரில் அக்காவின் குரல் பிதுங்கி வந்தது. "விடலாமாடி?"

"விடுக்கா" என்றேன். ரெண்டு பேரும் ஒன்றாக விட்டோம்.

ஆமை டாக்டர் படத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் நிதானத்தை நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கு அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. கடைசியில் அவர் ரிப்போர்ட் பாஷையில் பேசவில்லை.

"உரசித்தான் நிக்குதும்மா. நடுவுல மெல்லிசா ஒரு கொழுப்புக் கோடு முழுசா ஓடுது. ஒரு விரல் நுழையாது. ஆனா சர்ஜன் கத்தி நுழையும்."

எழுந்து போய் அவர் காலில் விழலாமா என்று தோன்றியது. ஆமை என்று கூப்பிட்டவள்தானே, எந்த முகத்தோடு விழுவது? "தேங்க்ஸ் சார்" என்றேன். அது எனக்கே காதில் விழவில்லை.

சர்ஜன் படத்தைப் பார்த்ததும் பிடிவாதம் பிடிக்கவில்லை. "நல்ல வேளை டாக்டர்" என்றார். கட்டியை மட்டும் கழற்றி எடுத்தார். கணையமும் மண்ணீரலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டியை வெட்டிப் பார்த்த லேப் டாக்டர், உள்ளே இரைப்பையின் தோல்தான், கெட்ட செல் எதுவும் இல்லை என்று சொன்னபோது எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏறியிருந்த அந்த ரத்த எண்ணும் பிறகு தானாக இறங்கிவிட்டது. அதற்கும் காரணம் இந்தக் கட்டிதான் போல.

அக்கா வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் டெக்னீஷியனிடம் போய், "அந்தக் குரலை மாத்திடலாம். நான் வேற மாதிரி பேசித் தர்றேன், அதட்டாம" என்றேன். அவர் வயரைச் சுருட்டவில்லை. நேராகப் பார்த்துப் பேசினார்.

"உங்க அக்கா அன்னிக்குச் சண்டை போடலை மேடம். நான் சொல்ல வந்தேன், நீங்க கேக்காம போயிட்டீங்க."

"அப்புறம் என்ன பேசினா?"

"உங்க குரலைக் கேட்டதும் நீங்க இங்க உக்காந்து நேரா பேசறதா நெனச்சுட்டாங்க. கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாங்க. பயப்படாதேடி, எனக்கு ஒண்ணும் ஆகாது, பிரேக் எங்கிட்ட இருக்குன்னு. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாங்க. பேசாதீங்கம்மான்னு நான் மைக்குல சொன்னேன். அதுக்கு, 'அவ பயந்து போயிருக்கா சார், குரலைக் கேட்டா தெரியலையா'ன்னு எங்கிட்ட கேட்டாங்க."

எத்தனை பேர் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது அதட்டலாகத்தான் கேட்டது. ரெக்கார்ட் பண்ணிய அன்று நான் பயந்திருக்கவும் இல்லை, எரிச்சலில்தான் இருந்தேன். ஆனால் அவளுக்கு நான் கத்தினாலே பயந்திருக்கிறேன் என்று அர்த்தம். தான் படுத்திருப்பது எதற்காக என்பதை மறந்து, எனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறாள். அதனால் படம் கலங்கிவிட்டது. நான் போய்க் கத்தியபோது "ஆமா, போட்டேன்" என்று அந்தப் பழியையும் வாங்கிக்கொண்டாள்.

குரலை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் கார் நின்றது. மாமா ஸ்டியரிங்கில், அக்கா பக்கத்து சீட்டில். ஆபரேஷன் முடிந்தும் பாடம் நிற்கவில்லை. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மாமா வண்டியை ஒரு உலுக்கு உலுக்கிக் கிளப்பினார்.

"அன்னிக்கு மெஷினுக்குள்ள என்னக்கா பேசினே?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, சண்டை போட்டேன்னு."

"டெக்னீஷியன் சொல்லிட்டார்."

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். உடனே ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். "நீ குட்டியா இருந்தப்பவே அப்படித்தான். இருட்டு ரூமுக்குப் போகணும்னா அழ மாட்டே, கதவைப் பார்த்துக் கத்துவே. அந்தப் பெட்டிக்குள்ள அதே குரல் கேட்டுச்சு. நான் என்ன பண்றது?"

"உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றேன். சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் கத்தாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அவள் சீட் பெல்ட்டை வயிற்றின் குறுக்கே இழுத்து மாட்டி, ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "இப்ப குத்தலைடி" என்றாள்.

வண்டி தடுமாறியது. நிமிர்ந்து பார்த்தால் மாமா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பிரேக்கை மெல்ல மிதித்து வண்டியை நிறுத்தினாள்.

"ஏங்க, அழறதுன்னா ஓரங்கட்டிட்டு அழுங்க" என்றாள்.